ஒரே சேட்டைக்கு எதற்கு இரண்டு பெயர்?

போன வாரம் சோழவந்தானில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து. பந்திக்கு அடுக்கி வைத்திருந்த தண்ணீர் பாட்டில்களை மூன்று பயல்கள் சேர்ந்து திறந்து, ஒருத்தன் தலையில் ஒருத்தன் ஊற்றிக்கொண்டார்கள். இரண்டு பேரைப் பார்த்து "சரியான வாலு" என்று பெரியவர்கள் சிரித்தார்கள். மூன்றாவது என் சித்தி மகன். அவனைப் பார்த்து ஒரு பெரியம்மா, "என்ன இருந்தாலும் எடுத்து வளக்குற பிள்ளைதானே" என்றார். அவன் காதில் விழுகிற தூரத்தில் நின்றுகொண்டு. எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

அன்று ராத்திரி செல்லூர் வீட்டுக்கு வந்து, 1952இல் வந்த 'ரூம் ஃபார் ஒன் மோர்' படத்தைத் திரும்பவும் பார்த்தேன். கேரி கிராண்டும், அப்போது நிஜத்திலும் அவர் மனைவியாக இருந்த பெட்ஸி டிரேக்கும் நடித்தது. சொந்தப் பிள்ளைகள் மூன்று பேர் இருக்கிற வீட்டுக்கு இன்னும் இரண்டு பிள்ளைகளை வளர்க்கக் கூட்டி வருகிறார்கள். அன்னா பெரட் ரோஸ் என்ற பெண்மணி தன் குடும்பக் கதையை எழுதிய புத்தகம்தான் மூலம். புருஷன் பெண்டாட்டிக்குத் தனிமையே கிடைக்காத நகைச்சுவையைக் கொஞ்சம் இழுத்துவிட்டார்கள். ஆனால் அப்படி வந்த இருவரில், காலில் காலிப்பர் என்ற தாங்குகம்பி மாட்டிய ஜிம்மி ஜான் முரண்டு பிடிப்பது பயத்தில்தான் என்பதைப் படம் எங்கேயும் மறக்கவில்லை.

சித்தி மகன் தத்து வந்தபோது அவனுக்கு ஏழு வயது. சித்தி, சித்தப்பா வயதைக் கூட்டினால் 93. தத்து விதிப்படி, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை வேண்டுமென்றால் தம்பதியின் மொத்த வயது 85ஐத் தாண்டக் கூடாது. நாலு முதல் எட்டு வயதுப் பிள்ளை என்றால் 100 வரை போகலாம். பிள்ளைக்கு ஐந்து வயது ஆகியிருந்தால் அதனிடம் சம்மதமும் கேட்பார்கள். அவன் தலையாட்டிய பிறகுதான் வீட்டுக்கே வந்தான். ஆட்சியரின் தத்து ஆணை வந்தது அதற்கப்புறம்.

ஆணை வருவதற்கு முன்னால், வந்த மூன்றாம் நாளே, சித்தப்பாவின் வண்டிச் சாவிக்கொத்தைக் கிணற்றில் போட்டுவிட்டான். சித்தப்பா அடிக்கவில்லை. பக்கத்து வீட்டில் பாதாளக்கரண்டி இரவல் வாங்கி வந்து, கயிற்றில் கட்டி இறக்கி, கயிற்றை அவனையும் பிடிக்கச் சொன்னார். முதலில் ஒரு நசுங்கிய சொம்பு வந்தது. அடுத்து, பாசி பிடித்த வாளிப் பிடி. நடுவில் அவன், "என்னையத் திரும்பக் கொண்டுபோய் விட்ருவீங்களா?" என்று கேட்டான். "கயித்த இறுக்கிப் பிடிடா, நழுவுது" என்றார் சித்தப்பா. ஒரு மணி நேரம் துழாவித்தான் சாவி கிடைத்தது.

அதே வயதில் நான் தாத்தாவின் ரேடியோவைக் கழற்றிப் போட்டவன். எங்கள் வீட்டில் அதை இன்றைக்கும் பெருமையாகத்தான் சொல்கிறார்கள்.

பெரியம்மா, நீங்களும் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். வைகாசித் திருவிழாவுக்கு வரும்போது அவன் ஏதாவது செய்தால் தாராளமாகத் திட்டுங்கள். அவனையும் வாலு என்றே திட்டுங்கள்.