வால்வு ஆம்ப்பின் ‘வார்ம்த்’ எங்கே இருக்கிறது?

“என்ன இருந்தாலும் வால்வு ஆம்ப்போட வார்ம்த்தே தனி சார். டிரான்சிஸ்டர்ல அது வராது.” போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்த நண்பர் சொன்னார். பாட்டைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் ஆம்ப்ளிஃபையரில், பழைய கண்ணாடிக் குழாய்களான வால்வுகள் இருந்தால் ஒலியில் ஒரு கதகதப்பு வரும் என்பது அவர் கட்சி. சொல்லும்போது அவர் கண் முழுக்க என் அலமாரியில் எரிந்துகொண்டிருந்த இஎல்84 வால்வுகள் மேல்தான். அந்த வெளிச்சம் பாதிக் காதை விலைக்கு வாங்கிவிடும்.

இரண்டும் ஒரே மாதிரி கேட்கும் என்று நான் வாதாட வரவில்லை. வித்தியாசம் உண்டு. அது கண்ணாடிக் குழாய்க்குள் குடியிருக்கிறது என்பதைத்தான் நான் ஒத்துக்கொள்வதில்லை.

1985-இல் அமெரிக்காவில் இதற்காக ஒரு பந்தயமே நடந்தது. ஆம்ப் வடிவமைப்பாளர் பாப் கார்வர், எந்த ஆம்ப்பைக் கொடுத்தாலும் தன் டிரான்சிஸ்டர் ஆம்ப்பை அதே மாதிரி பாட வைக்கிறேன் என்று ‘ஸ்டீரியோஃபைல்’ பத்திரிகைக்காரர்களிடம் சவால் விட்டார். அவர்கள் விலை உயர்ந்த ஒரு வால்வு ஆம்ப்பை எடுத்து வைத்தார்கள். கார்வர் செய்தது எளிமையான கழித்தல் கணக்கு. இரண்டுக்கும் ஒரே இசையைக் கொடுத்து, ஒன்றின் வெளியீட்டிலிருந்து மற்றதைக் கழித்தார். மிஞ்சுவதுதான் வித்தியாசம். முதலில் பத்திரிகைக்காரர்கள் வித்தியாசத்தைப் பிடித்துவிட்டார்கள். லேசுப்பட்ட காதுகள் இல்லை. மனிதர் மறுபடி பற்றவைப்புக் கோலோடு உட்கார்ந்தார். மிச்சம் இசையைவிட 70 டெசிபல் கீழே, அதாவது ஏறக்குறைய மூவாயிரத்தில் ஒரு பங்காக இறங்கியது. அதன்பிறகு அவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அப்படியென்றால் வித்தியாசம் எதில்? பெரும்பங்கு ஸ்பீக்கரோடு சேரும் இடத்தில். மின்சாரத்துக்கு ஸ்பீக்கர் காட்டும் எதிர்ப்பு, அதாவது இம்பிடன்ஸ், 8 ஓம் என்று பெட்டியில் எழுதியிருந்தாலும், சுருதிக்குச் சுருதி அது மாறும். ஓரிடத்தில் 4-க்கு இறங்கும், பேஸ் பக்கம் 30-க்கு ஏறும். டிரான்சிஸ்டர் ஆம்ப்பின் வெளியீட்டு இம்பிடன்ஸ் பெரும்பாலும் 0.1 ஓமுக்கும் கீழே. ஸ்பீக்கர் என்ன ஆட்டம் போட்டாலும் அது அசையாது. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் குறைந்த ஃபீட்பேக்கும் (வெளியீட்டைத் திருப்பி உள்ளே விட்டுத் திருத்திக்கொள்வது) உள்ள வால்வு ஆம்ப்பில் 2 ஓம் சகஜம். அந்த 2 ஓமே 4-க்கும் 30-க்கும் நடுவில் சுமார் 3 டெசிபல் மேடுபள்ளம் போட்டுவிடும். ஓம் ஏறுகிற இடத்தில் சத்தமும் ஏறுவதால், பேஸ் கொஞ்சம் சதை போடுகிறது. நாம் அதற்கு வார்ம்த் என்று பேர் வைக்கிறோம்.

இரண்டாம் ஹார்மானிக் கதையும் உண்டு, அதாவது வால்வு ஒவ்வொரு சுரத்தோடும் அதன் இரண்டு மடங்கு சுருதியையும் லேசாகச் சேர்க்கும் என்பது. ஸ-வோடு மேல் ஸ்தாயி ஸ சேர்ந்தால் இனிக்கத்தான் செய்யும். ஆனால் என்னுடையது மாதிரி, இரண்டு வால்வுகள் எதிரெதிராக வேலை செய்யும் புஷ்-புல் ஆம்ப்பில் அது பெரும்பாலும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். இதை விற்கிறவர்கள் யாரும் சொல்வதில்லை.

டிரான்சிஸ்டருக்குக் கெட்ட பேர் சும்மா வரவில்லை. 1960-களின் பல ஆம்ப்களில் கிராஸ்ஓவர் டிஸ்டார்ஷன், அதாவது அலையின் மேல்பாதியும் கீழ்ப்பாதியும் சேரும் இடத்தில் வரும் பிசிறு, சத்தம் குறைவாக வைக்கும்போது காதை அராவியது. அதோடு, அளவுக்கு மீறி முறுக்கினால் வால்வு அலையின் முனையை மழுக்கும், டிரான்சிஸ்டர் கத்தியால் வெட்டும். கிடார் ஆம்ப் வேறு சங்கதி. அங்கே உடைகிற சத்தமே வாத்தியம். கிடார்காரர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை.

சரி, நண்பருக்கு வருவோம். டிரான்சிஸ்டர் ஆம்ப்பின் ஸ்பீக்கர் வயரில் 2 ஓம் சிமென்ட் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராகப் போட்டேன். இரண்டு ஆம்ப்பின் சத்தத்தையும் மல்டிமீட்டரில் சமன் செய்தேன்; துளி கூடினாலும் கூடினதுதான் நல்லதாகக் கேட்கும். மேலே ஒரு துண்டைப் போட்டு மூடினேன். நாலைந்து தடவை மாற்றி மாற்றிக் கேட்டுவிட்டு, “இதான் சார் வால்வு” என்று ரெசிஸ்டர் போட்ட ஆம்ப்பைக் காட்டினார்.

துண்டை எடுத்ததும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார், இந்த ரெசிஸ்டர் சென்னை ரிச்சி தெருவில் என்ன விலை இருக்கும் என்று.

நானோ இன்று ராத்திரியும் வால்வைத்தான் போட்டிருக்கிறேன். அந்த வெளிச்சத்துக்காக.