கல்லீரல் மாற்றினால் ஹெபடைட்டிஸ் பி போய்விடுமா?

“பழைய கல்லீரலோடு ஹெபடைட்டிஸ் பி வைரஸும் போய்விடும், அப்புறம் மாத்திரை எதற்கு?” என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு. வைரஸ் ரத்தத்திலும் கல்லீரலுக்கு வெளியே சில செல்களிலும் தங்கியிருக்கும். புதுக் கல்லீரலைத் தொற்ற அதுவே போதும். போதாக்குறைக்கு, உறுப்பை உடல் நிராகரிக்காமலிருக்கத் தரும் மருந்து எதிர்ப்புச் சக்தியையும் அடக்கிவைக்கிறது. தடுப்பு மருந்து இல்லாத 1980களில் பெரும்பாலானவர்களுக்கு மறுபடி தொற்று வந்தது.

இன்று பல மையங்களில், பழைய கல்லீரலை எடுத்த கையோடு அறுவை மேசையிலேயே ஹெச்பிஐஜி என்ற எதிர்ப்பொருள் மருந்தை ஏற்றுகிறார்கள். கூடவே வைரஸை அடக்கும் என்டெகாவிர் அல்லது டெனோஃபோவிர் மாத்திரை. மறுதொற்று இப்போது அரிது. ஹெச்பிஐஜியைச் சிலருக்குப் பிற்பாடு மருத்துவரே நிறுத்துவார். வதந்திக்கு விதை அதுவாக இருக்கலாம். மாத்திரை பொதுவாக ஆயுளுக்கும் உண்டு. ரிப்போர்ட்டில் ‘ஹெச்பிஎஸ்ஏஜி நெகட்டிவ்’ (வைரஸின் மேற்புறப் புரதம் ரத்தத்தில் தென்படவில்லை) என்று வந்தாலும் சரி, மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.