நீராவி மட்டும்தானா?
'ஹைட்ரஜன் பேருந்தில் வெளிவருவது நீராவிதான், அதனால் மாசே இல்லை' என்று ஒரு கட்டுரை சொல்வது பாதிக் கதை. பின்னால் நின்று பார்த்தால் சரி, குழாயில் சொட்டுவது வெறும் தண்ணீர். ஆனால் இன்று ஹைட்ரஜனில் பெரும்பகுதி இயற்கை எரிவாயு, நிலக்கரியிலிருந்துதான் வருகிறது. எரிவாயுவிலிருந்து ஒரு கிலோ எடுப்பதற்குள் ஏறக்குறைய 9 கிலோ கரியமில வாயு ஆலையிலேயே வெளியேறிவிடும். அப்புறம், தண்ணீரைப் பிரித்தே எடுக்கலாமே என்றால் கிலோவுக்கு 50 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் வேண்டும். அந்த 50 யூனிட்டை நேராக பேட்டரியில் ஏற்றினால் நகரப் பேருந்து சுமார் 40 கிலோமீட்டர் ஓடும். ஹைட்ரஜனாக்கினால் 12 போனாலே பெரிது. பிரான்சின் மோன்பெலியே நகரம் 51 ஹைட்ரஜன் பேருந்துகள் வாங்கும் திட்டத்தை 2022-இல் கைவிட்டதும் ஓட்டும் செலவு மின்சாரப் பேருந்தைவிட ஆறு மடங்கு என்று தெரிந்த பிறகுதான். நடுவில் சார்ஜ் போட வழியில்லாத நீண்டதூரத் தடம் என்றால் அது வேறு பேச்சு.