கிளிமஞ்சாரோவுக்கு எந்தப் பாதை? படுக்கும் உயரத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்

கிளிமஞ்சாரோ ஏற நினைப்பவர்களில் நிறையப் பேர் முதலில் மரங்கு பாதையைத்தான் விசாரிக்கிறார்கள். படுக்க மரக்குடில் உண்டு, ஏற்றம் சீராக இருக்கும், ஐந்தே நாளில் முடிந்துவிடும். அந்த ஐந்து நாள் திட்டத்தை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

கணக்கைப் பாருங்கள். முதல் இரவு மண்டாரா, 2,720 மீட்டர். அடுத்த இரவு ஹொரொம்போ, 3,720. மூன்றாவது கிபோ குடில், சுமார் 4,700. அங்கே படுத்த சில மணி நேரத்தில், நள்ளிரவில் எழுந்து 5,895 மீட்டரில் இருக்கும் உஹுரு உச்சிக்கு நடக்கவேண்டும். 3,000 மீட்டரைத் தாண்டிவிட்டால், படுக்கும் உயரம் ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக்கூடாது என்பது மலை மருத்துவத்தில் பொதுவாகச் சொல்லும் அளவு. இங்கே அது இரண்டு மடங்கு ஆகிறது. மாரத்தான் ஓடுகிறவருக்கும் தலைவலியும் வாந்தியும் வருவது இதனால்தான். மரங்குதான் வேண்டும் என்றால், ஹொரொம்போவில் இரண்டு இரவு தங்குங்கள்.

என் தேர்வு மச்சாமே பாதை, அதுவும் ஏழு நாள். செங்குத்து அதிகம், கூடாரத்தில்தான் படுக்கை. ஆனால் ஷிரா முகாமிலிருந்து 4,600 மீட்டரில் இருக்கும் லாவா டவர் பாறை வரை ஏறிவிட்டு, அன்றைக்கே இறங்கி ஏறக்குறைய 3,900-இல் பரங்கோ முகாமில் தூங்குகிறோம். உடம்பு பழகுவது அந்த நாளில்தான். ஆறு நாளாகச் சுருக்கும்போது கரங்கா முகாமின் இரவு போய்விடும். பரங்கோ சுவர் என்ற செங்குத்துப் பாறையைக் கையூன்றி ஏறிய அன்றே, உச்சிக்கு முந்தைய கடைசி முகாமான பராஃபு வரை நடந்து, அரைத்தூக்கத்தோடு உச்சிக்குக் கிளம்ப வேண்டிவரும். காசை வேறு எதில் வேண்டுமானாலும் மிச்சம் பிடியுங்கள், அந்த இரவில் மட்டும் வேண்டாம்.

உச்சி ஏறும் இரவில் முதலில் உறைவது தண்ணீர்ப் பையின் குழாய். ஒவ்வொரு முறை குடித்ததும் குழாயில் ஊதி, தண்ணீரைப் பைக்கே திருப்பிவிடுங்கள். கூடவே ஒரு பாட்டிலைத் தலைகீழாக வையுங்கள். ஐஸ் மேல்பக்கம்தான் முதலில் கட்டும், மூடி திறக்கவரும். ஹெட்லைட் பேட்டரி சட்டைக்குள் இருக்கட்டும்.

இறக்கத்தை யாரும் திட்டத்தில் சேர்ப்பதில்லை. உச்சியிலிருந்து அன்றே ம்வெகா முகாமுக்கு, கிட்டத்தட்ட 2,800 மீட்டர். கால் நகத்தை முன்பே வெட்டிவிட்டு, இறங்குமுன் கணுக்கால் பக்கம் ஷூ கயிற்றை இறுக்குங்கள். இல்லையென்றால் விரல்கள் ஷூ முனையில் முட்டி முட்டி நகம் கறுத்துவிடும்.

உயரம் ஒத்துக்கொள்ளாமல் கூட வருகிறவர் பேச்சு குழறினாலோ, குழம்பினாலோ, குதிகாலை அடுத்த காலின் விரலோடு ஒட்டி வைத்து நேர்கோட்டில் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால், உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் அந்த நிமிடமே கீழே கூட்டிப்போங்கள். தனியாக அனுப்பவே கூடாது.