கூரை மேல் ஒரு சீட்

(சிட்னி, டூங்காபி. ஞாயிறு மதியம். சாப்பாட்டு மேஜை மேல் மூன்று ஷூ பெட்டி நிறையப் பழைய போட்டோக்கள். மூர்த்தியின் மணிவிழாவுக்கு மகள் ஆல்பம் போடுகிறாள். ஒவ்வொரு படத்தின் பின்னாலும் இடமும் வருஷமும் எழுதித் தரச் சொல்லியிருக்கிறாள். சாந்தியின் கையில் பேனா. மூர்த்தியின் கையில் முறுக்கு.)

சாந்தி: ஏங்க, இது எந்த இடம்?

மூர்த்தி: இதுகூடத் தெரியவில்லையா? எழுது. ‘2000 செப்டம்பர் 25. சிட்னி ஒலிம்பிக்கில் கேத்தி ஃப்ரீமன் 400 மீட்டர் ஓடித் தங்கம் வாங்கிய இரவு. ஸ்டேடியத்தில் நான்.’

சாந்தி: எந்த ஸ்டேடியம்?

மூர்த்தி: அக்கோர்... இல்லை, ஏஎன்இசட்... இரு, அப்போது டெல்ஸ்ட்ராவோ?

சாந்தி: மை காய்கிறது.

மூர்த்தி: நான் என்ன செய்ய? 1999-இல் திறந்தபோது ஸ்டேடியம் ஆஸ்திரேலியா. 2002-இல் போன் கம்பெனிக்காரன் பணம் கொடுத்தான், டெல்ஸ்ட்ரா ஆனது. 2008-இல் பேங்க்காரன் கொடுத்தான், ஏஎன்இசட். இப்போது ஹோட்டல்காரன், அக்கோர்.

சாந்தி: நம் வீட்டு நாய்க்குப் பன்னிரண்டு வருஷமாக ஒரே பெயர்.

மூர்த்தி: அதற்கு யார் காசு கொடுக்கிறான்? ஆனால் ஃபிஃபாக்காரர்கள் வந்தால் இந்த ஸ்பான்சர் கதையெல்லாம் செல்லாது. 2023-இல் பெண்கள் கால்பந்து உலகக் கோப்பை நடந்தபோது மறுபடி ஸ்டேடியம் ஆஸ்திரேலியாதான்.

சாந்தி: மாமியார் வரும் அன்றைக்கு மட்டும் பொட்டு வைத்துக்கொள்கிற மாதிரி. சரி, என்ன எழுத?

மூர்த்தி: ‘ஹோம்புஷ் ஸ்டேடியம்’ என்று போடு. அண்ணா சாலை என்று பெயர் மாற்றி எத்தனை வருஷம் ஆனது? ஆட்டோக்காரரிடம் மவுண்ட் ரோடு என்றுதானே சொல்கிறாய்?

சாந்தி: (எழுதுகிறாள்) கூட்டம் எவ்வளவு என்றும் எழுதவா? எப்போது பார்த்தாலும் சொல்வீர்களே.

மூர்த்தி: எழுது, எழுது! 1,12,524 பேர். நிறைவு விழா அன்றைக்கு 1,14,714. அதுதான் அந்த ஸ்டேடியத்தின் ரெக்கார்ட். அதற்கு முந்தின வருஷம் ரக்பி லீக் ஃபைனலுக்கு எத்தனை பேர் தெரியுமா? 1,07,999.

சாந்தி: ஒருத்தர் வந்திருந்தால் முழு எண்ணாக இருந்திருக்கும்.

மூர்த்தி: லிட்கம்பில் ரயில் மாறும்போது தவறவிட்டிருப்பான். விஷயம் என்னவென்றால், இந்த ரெக்கார்டையெல்லாம் இனி யாராலும் தொடவே முடியாது.

சாந்தி: ஏன்? ஜனத்தொகைதான் ஏறிக்கொண்டே போகிறதே.

மூர்த்தி: சீட் இல்லையே! ஒலிம்பிக் முடிந்ததும் வடக்கிலும் தெற்கிலும் இருந்த மேல் கேலரியைப் பிரித்து எடுத்துவிட்டார்கள். இப்போது எண்பத்து மூவாயிரத்துச் சொச்சம்தான் கொள்ளும். நான் உட்கார்ந்த இடத்தில் இன்றைக்கு வெறும் ஆகாயம்.

சாந்தி: வசதிதான். யாரும் போய்ப் பார்க்க முடியாது.

மூர்த்தி: என்ன வசதி?

சாந்தி: ஒன்றுமில்லை. அன்றைக்கு என்னென்ன பார்த்தீர்கள், சொல்லுங்கள்.

மூர்த்தி: தலையையும் மூடிய பச்சை உடுப்பு. ஆறாவது லேன். அவள் ஓட ஓட, கூடவே கேமரா ஃப்ளாஷ் மின்னிக்கொண்டே சுற்றி வந்தது. அதில் ஒன்று என்னுடையது. 49.11 வினாடி. ஓடி முடித்ததும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். இப்போது அங்கே ஒரு ஸ்டாண்டுக்கே அவள் பெயர்தான்.

சாந்தி: (கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தை உற்றுப் பார்க்கிறாள்) அவள் ஓடிய தடம் எங்கே?

மூர்த்தி: எது?

சாந்தி: சிவப்பாக வட்டமாக இருக்குமே, ஓடுகிற தடம். இதில் சீட் முடிந்ததும் புல். புல்லில் கோல் கம்பம். கேத்தி கோல் போட்டாளா?

மூர்த்தி: அது... கேமரா கோணம்.

சாந்தி: சுற்றி எல்லாரும் மஞ்சள் சட்டை. பின்னால் பலகையில் டெல்ஸ்ட்ரா. நீங்கள்தானே சொன்னீர்கள், அந்தப் பெயர் 2002-இல் வந்தது என்று?

மூர்த்தி: (முறுக்கை மெதுவாகக் கடிக்கிறார்) முன்கூட்டியே மாட்டியிருப்பார்கள்.

சாந்தி: உங்கள் தோளில் உட்கார்ந்திருப்பது யார்?

மூர்த்தி: பாப்பா.

சாந்தி: பாப்பா 2001-இல் பிறந்தாள்.

(நீண்ட மௌனம். முறுக்குச் சத்தம் மட்டும்.)

மூர்த்தி: சரி, இது உருகுவேயோடு ஆஸ்திரேலியா ஆடிய கால்பந்து மேட்ச். 2005 நவம்பர் 16. பெனால்டியில் கடைசிக் கோலை அலாய்சி போட்டானே, அந்த ராத்திரி. 82,698 பேர். அதற்கு நான் போனேன், அது சத்தியம்!

சாந்தி: அதற்குப் போனீர்கள். கேத்தி ஓடிய அன்றைக்கு எங்கே இருந்தீர்கள்?

மூர்த்தி: இந்த ஊரில் யாரை வேண்டுமானாலும் கேள், அன்றைக்கு ஸ்டேடியத்தில் இருந்தேன் என்றுதான் சொல்வான்.

சாந்தி: அவ்வளவு பேரையும் கூட்டினால் அஞ்சு லட்சம் வரும். நான் உங்களைத்தான் கேட்கிறேன்.

மூர்த்தி: ...ஹோம்புஷ் வாடகை வீட்டில்.

சாந்தி: வீட்டில் எங்கே?

மூர்த்தி: கூரை மேல்.

சாந்தி: ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டு! நான் வயிற்றுப் பிள்ளையோடு ஜன்னலில் நின்று ‘இன்னும் கொஞ்சம் இடது பக்கம், இன்னும் கொஞ்சம்’ என்று கத்தினேன். படம் தெளிவாக வந்தபோது அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். உங்களால் நானும் பார்க்கவில்லை.

மூர்த்தி: ஆனால் எனக்கு ஸ்டேடியம் விளக்கு தெரிந்தது. அந்தச் சத்தம் நேராகக் காதில் விழுந்தது. டிவியில் வந்தது இல்லை, நிஜச் சத்தம். உடம்பெல்லாம் சிலிர்த்து, கீழே விழப் பார்த்தேன்.

சாந்தி: (கொஞ்ச நேரம் அவரையே பார்க்கிறாள்) அந்த வீட்டுக்கு ஒரு போட்டோவாவது இருக்கிறதா?

மூர்த்தி: எங்கே? அதை இடித்துத்தான் அடுக்குமாடி கட்டிவிட்டார்களே.

சாந்தி: அங்கேயும் ஆகாயம்தானா?

(ஒரு வெற்று அட்டையை எடுத்து எழுதுகிறாள்.)

மூர்த்தி: என்ன எழுதுகிறாய்?

சாந்தி: ‘2000 செப்டம்பர் 25. ஹோம்புஷ். மூர்த்தி ஸ்டாண்ட். கூட்டம்: 1.’

மூர்த்தி: ஜன்னலில் நீ இருந்தாயே. இரண்டு என்று போடு.

சாந்தி: பாப்பாவையும் சேர்த்தால் மூன்று. ரெக்கார்ட்தான்.