வராகமிகிரர் மறுத்துப் பேசிய இடங்கள்

ஜோதிடத்தைப் பற்றிய விவாதங்களில், "சாஸ்திரத்தில் அப்படித்தான் சொல்லியிருக்கிறது" என்று யாராவது சொன்னதும் பேச்சு அடங்கிவிடுவதைத் தொடர்ந்து பார்க்கிறேன். அந்தச் சாஸ்திரத்தின் தலையாய நூல்களுள் ஒன்றான, வராகமிகிரர் எழுதிய பிருகத் ஜாதகத்தின் ஏழாம் அத்தியாயத்தைக் கருத்தூன்றிப் படித்தவர் எவரும் அப்படி வாதத்தை முடிக்க மாட்டார் என்பது என் உறுதியான எண்ணம்.

ஆறாம் நூற்றாண்டில் அவந்தி நாட்டில் வாழ்ந்த வராகமிகிரர், ஆயுளைக் கணிக்கும் அந்த அத்தியாயத்தை மயன், யவனர் (கிரேக்கர்), மணித்தர், பராசரர் முதலான முன்னோரின் முறையிலிருந்து தொடங்குகிறார். உச்சத்தில், அதாவது பலம் மிகுந்த இடத்தில், நிற்கும் சூரியன் ஆயுளுக்கு 19 ஆண்டுகள் தரும். சந்திரன் 25, செவ்வாய் 15, புதன் 12, குரு 15, சுக்கிரன் 21, சனி 20. பலம் குன்றிய நீச இடத்தில் இவை பாதியாகும். வேறு கழிவுகளும் உண்டு. விஷ்ணுகுப்தர், தேவசுவாமி, சித்தசேனர் ஆகியோரும் இவ்வாறே கணித்தார்கள் என்று பெயர் சொல்லிவிட்டு, அடுத்த வரியிலேயே அதன் குறையை எடுத்து வைக்கிறார். எட்டு வயதுக்குள் நேரும் அரிஷ்டத்தை, அதாவது இளவயது மரணத்தை, நீக்கிவிட்டால், இந்தக் கணக்கில் எவருடைய ஆயுளும் 20 ஆண்டுகளுக்குக் கீழே வருவதில்லை. எட்டுக்கும் இருபதுக்கும் இடைப்பட்ட வயதில் பிள்ளையைப் பறிகொடுத்த வீடுகள் எந்த ஊரில்தான் இல்லை?

அதோடும் அவர் நிற்கவில்லை. பூரண ஆயுளுக்குச் சொன்ன அதே யோகத்துக்கு, அதாவது கிரக அமைப்புக்கு, சக்கரவர்த்திப் பதவியையும் பலனாகச் சிலர் சொல்கிறார்கள்; ஆனால் பொருளே இல்லாமல் முழு ஆயுளும் வாழ்கிறவர்கள் இருக்கிறார்களே, இது கண்கூடான குறை என்கிறார். நூலில் உள்ளதை உலகத்தில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பார்த்து, பொருந்தாதபோது நூலின் மேல் கை வைக்கும் இந்தத் துணிவைத்தான் நான் பெரிதும் மதிக்கிறேன். ஜோதிடத்தை நம்பாதவர்களும் இதை மதிக்க முடியும்.

பிருகத் சம்ஹிதை என்ற தம் இன்னொரு நூலில் அவர் யவனரைப் பற்றிச் சொல்லியிருப்பதும் இதே நேர்மையில் பிறந்ததுதான். யவனர் மிலேச்சர்களே (அந்நியர்களே) ஆனாலும் இந்தச் சாஸ்திரம் அவர்களிடம் நன்கு நிலைபெற்றிருப்பதால் ரிஷிகளைப் போல் அவர்களும் போற்றப்படுகிறார்கள் என்று எழுதியவர் அவர். ஹோரை, கேந்திரம், திரேக்காணம் என்று நம் ஜோதிடர்கள் அன்றாடம் புழங்கும் சொற்களே கிரேக்கத்திலிருந்து வந்தவை என்னும்போது, அனைத்தும் இந்த மண்ணிலேயே முளைத்தவை என்று அடம்பிடிப்பது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

ஆயுள் கணக்கில் கடைசியாக அவர் சத்தியாசாரியர் என்ற முந்தைய ஜோதிட ஆசிரியரின் வழியே சிறந்தது என்று ஏற்கிறார். அங்கேயும், பெருக்கலுக்கு மேல் பெருக்கல் போட்டு அந்த நல்ல முறையைச் சிலர் கெடுத்துவிடுகிறார்கள் என்று எச்சரித்துவிட்டே நகர்கிறார்.