லைனை எப்போது கலைக்கலாம்?

ஐஸ் ஹாக்கி ரசிகர்களுக்குள் தீராத வழக்கு ஒன்று உண்டு. கோச் ஃபார்வர்ட் லைன்களை, அதாவது ஒன்றாக இறங்கித் தாக்கி ஆடும் மூவர் கூட்டணிகளை, மாற்றி மாற்றிப் பார்க்கலாமா, அல்லது பழகிய மூவரைப் பிரிக்காமல் விட்டுவிட வேண்டுமா? நான் மாற்றிப் பார்க்கலாம் என்கிற கட்சி. ஆனால் என் கட்சிக்காரர்கள் சொல்லும் காரணம்தான் எனக்கு ஒப்பாது.

இரண்டு கோல் வாங்கியதும் "லைனைக் கலைச்சுப் போடு" என்று கத்துவார்கள். ஒரு லைன் ஒரு தடவை ஐஸில் இறங்கினால் முக்கால் நிமிடம் இருக்கும், அவ்வளவுதான். ஓரத்தில் ஆடும் விங்கர் எங்கே வருவான் என்று திரும்பிப் பார்க்காமலே, நடுவில் ஆடும் சென்டர் பக்கைத் (பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டு) தள்ள வேண்டும். ஆட்டத்தில் மூன்று பீரியட்தான். இரண்டாவது பீரியடில் ஆளை மாற்றினால் மூன்றாவது பீரியடுக்குள் அந்தப் பழக்கம் எப்படி வரும்?

2016இல் வட அமெரிக்காவின் NHL லீகில், பிட்ஸ்பர்க் அணியில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். மார்ச் மாதம் அதன் நட்சத்திர சென்டர் மால்கினுக்கு அடிபட்டது. வேறு வழியில்லாமல் கோச் மைக் சல்லிவன், ஹேகலின், பொனினோ, கெஸ்ஸல் மூவரையும் ஒரே லைனில் போட்டார். மூவருமே வேறு அணிகளிலிருந்து வந்து ஒரு வருடம்கூட ஆகாதவர்கள். ஹேகலினுக்கு வேகம், கெஸ்ஸலுக்கு ஷாட், நடுவில் பொறுப்பாக ஆட பொனினோ. சீசன் முடிவில் வரும் பிளேஆஃப் சுற்றுகளில் கெஸ்ஸல் மட்டும் 22 புள்ளிகள் (அடித்த கோலும், கோலுக்குக் கொடுத்த பாஸும் சேர்த்து) எடுத்தார், லீகின் பட்டமான ஸ்டான்லி கோப்பையும் வந்தது. எனக்குப் பிடித்தது வேறு விஷயம். மால்கின் திரும்பி வந்த பிறகும் சல்லிவன் அந்த மூவரைத் தொடவில்லை. சோதனை பலித்தால் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவும் தெரிய வேண்டும்.

சரி, எட்மன்டன் அணி? அதன் நட்சத்திர ஃபார்வர்டுகள் மெக்டேவிட், டிரைசைட்டில் இருவரையும் ஒரே லைனில் போட்டால் கோல் மழைதான், மறுக்கவில்லை. ஆனால் வெளியூர் ஆட்டத்தில் கடைசியாக ஆளை மாற்றும் உரிமை எதிரணிக்கு. தங்களுடைய சிறந்த டிஃபென்ஸ் ஜோடியை அந்த ஒரே லைனுக்கு எதிராக இறக்கிவிட்டால் வேலை முடிந்தது. பிரித்து ஆட விட்டால் யாரைப் பிடிப்பது என்று அவர்கள்தான் தலையைச் சொறிய வேண்டும். கடைசி பத்து நிமிடத்தில் பின்தங்கியிருந்தால் சேர்த்துவிடலாம். அவர்கள் இருவரும் ஏற்கெனவே பழகியவர்கள், புதிதாகக் கற்க ஒன்றுமில்லை.

என்னைக் கேட்டால், ஒரு சீசனில் எண்பதுக்கு மேல் ஆட்டங்கள் இருக்கின்றன, அக்டோபர், நவம்பரிலேயே ஆசை தீர மாற்றிப் பாருங்கள். மூவரில் இருவரை அப்படியே வைத்து ஒருவரை மட்டும் மாற்றுங்கள். அப்புறம் ஆறேழு ஆட்டமாவது பொறுங்கள். கோல் விழுந்ததா என்பதைவிட, கோலுக்கு நேர் முன்னாலிருந்து எத்தனை ஷாட் அடித்தார்கள் என்று எண்ணுங்கள். கம்பத்தில் பட்டுத் திரும்பிய பக்குக்காக நல்ல லைன் ஒன்றைக் கலைத்த கோச்சுகளைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.